இரு வண்ணங்கள், ஓர் அறை: ஒப்பிட்டுத் தெரிவு செய்யும் முறை

முதிய பெற்றோர் வாழும் இல்லத்தில் படுக்கையறைச் சுவரின் நிறம் அழகு பற்றியது மட்டுமன்று. பார்வை மங்கிய ஒருவர் இரவில் எழுந்து கதவை இனங்காண்பதும் அதனைப் பொறுத்ததே. தெற்கு நோக்கிய சாளரமுள்ள ஓர் அறைக்கு வெண்ணெய் நிறத்தையும் கருநீலத்தையும் இங்கு ஒப்பிடுவோம்.

1. ஒளியின் திசை
அவுஸ்திரேலியாவின் தென் நகரங்களில் சூரியன் வடவானின் வழியே செல்கின்றது. ஆதலால் தெற்குச் சாளரத்திற்கு ஆண்டின் பெரும்பகுதியில் நேர்வெயில் கிட்டாது. தாயகத்தில் பழகிய திசைக்கணக்கு இங்குப் பொருந்தாது.

2. ஒளித்தெறிப்பு
வண்ண அட்டைகள் பலவற்றில் எல்.ஆர்.வி. என்னும் எண் காணப்படும். 0 முழுக் கருமை. 100 முழு வெண்மை. வெண்ணெய் நிறங்கள் பெரும்பாலும் 70க்கு மேலும், கருநீலங்கள் 10க்கு அண்மையிலோ அதற்குக் கீழோ அமையும். அன்றியும், முதுமையில் கண்வில்லை மஞ்சளிப்பதால் நீலம் மேலும் இருண்டு தோன்றும். எனவே நான்கு சுவர்களுக்கும் கருநீலம் பூசுதல் இவ்வறைக்கு உகந்ததன்று.

3. வேறுபாட்டின் பயன்
எனினும், வெண்ணெய் நிறச் சுவரில் வெண்ணிறக் கதவு மறைந்துவிடும். பொதுக் கட்டடங்களின் அணுகல் தொடர்பான ஏ.எஸ். 1428.1 நியமம், கதவு வாயில்களில் குறைந்தது 30 சதவீத ஒளிர்வு வேறுபாட்டைக் கோருகின்றது. வீடுகளுக்கும் இது நல்ல வழிகாட்டி. சுவருக்கு வெண்ணெய் நிறமும் கதவுக்குக் கருநீலமும் பூசினால் இரு நிறங்களும் பயன் தரும்.

4. சோதனை
மாதிரிப் பூச்சினை இரு பெரிய அட்டைகளில் இருமுறை பூசி உலரவிடுக. ஒவ்வொன்றையும் சுவரில் நிமிர்த்தி வைத்து, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கொளியிலும் தனித்தனியே காண்க. அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றின் தோற்றத்தை மாற்றும். ஆதலால் அதனை இறுதியில் செய்க. அறையில் வசிக்கவுள்ளவரையே பார்க்கச் செய்து, அவர் கருத்தைக் கேட்டறிக.

5. தொடங்கும் முன்
வாடகை வீடாயின் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுக. வாய்மொழி இணக்கத்தைப் பின்னர் நிரூபித்தல் கடினம். 1970க்கு முன் கட்டப்பட்ட வீடாயின் பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் அதனைத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். அத்தூசி சிறுவர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் பெருந்தீங்கு விளைவிக்கும்.