பூனை மெத்தையை நனைத்தால்

பூனை வளர்க்கத் தொடங்கிய இளையவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் முதலிடம் மூத்திரத்துக்குத்தான். "பெட்டி வாங்கி வைத்தோம், மணல் போட்டோம், இருந்தும் மெத்தையில்தான் போகிறது. எங்கள் மேல் ஏதோ கோபம் போல" என்பார்கள். எங்கே போனது, எவ்வளவு போனது, நின்றுகொண்டா உட்கார்ந்தா என்று கேட்டால் பதில் வராது. கவனித்திருக்க மாட்டார்கள். வைத்தியம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கீழே சொல்லியிருப்பவற்றை வரிசை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. பழிவாங்குகிறது என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். வீட்டுப்பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை. உதிரி மண்ணைத் தோண்டி, போய், மூடிவிட்டு நகர்வது அதன் பிறவிக் குணம். மூன்று நான்கு வாரக் குட்டி கூட, யாரும் சொல்லித் தராமலே மணலைப் பிறாண்டத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட பிராணி பெட்டியைத் தவிர்த்தால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். உடம்பில் வலி இருக்கலாம். பெட்டி பிடிக்காமல் இருக்கலாம். வேறோர் இடம் அதைவிடப் பிடித்துப்போயிருக்கலாம். இல்லையேல் அது மூத்திரம் போகவில்லை, எல்லை குறிக்கிறது. இந்த நான்கில் எது என்று தெரியாமல் ஸ்பிரே வாங்குவது வீண் செலவு.

2. முதல் நடை கால்நடை மருத்துவரிடம். நேற்றுவரை ஒழுங்காகப் போன பூனை திடீரென்று தரையில் போனால் நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி பெட்டிக்குள் ஏறி இறங்குவது, குந்தியபடி முக்குவது, சொட்டுச் சொட்டாகப் போவது, இரத்தம் கலந்திருப்பது, அடிப்பக்கத்தை ஓயாமல் நக்குவது, போகும்போது கத்துவது எல்லாம் சிறுநீர்ப்பை வலியின் அடையாளம். பெட்டியில் போகும்போது வலித்தால், வலிக்குக் காரணம் பெட்டிதான் என்று பூனை முடிவுகட்டிவிடும். மென்மையான இடத்தைத் தேடும். வயதான பூனையானால் சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, மூட்டுவலி மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். கைவசம் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

3. ஆண் பூனை முக்கியும் ஒரு சொட்டு வரவில்லையா, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆணின் சிறுநீர்க்குழாய் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் கழிவு இரத்தத்தில் ஏறி, இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றைக்கே விசாரித்துத் தொலைபேசி எண்ணைக் குறித்து வையுங்கள்.

4. நின்றா, உட்கார்ந்தா என்று பாருங்கள். குந்தி உட்கார்ந்து, தரையிலோ துணியிலோ பெரிதாக ஈரம் செய்தால் அது மூத்திரம் போனது. சுவருக்கோ சோபாவுக்கோ முதுகைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி, நுனி நடுங்க, கொஞ்சமாகப் பின்னால் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. முன்னதற்குப் பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். பின்னதற்குப் பத்துப் பெட்டி வைத்தாலும் பலனில்லை.

5. பீய்ச்சும் பூனைக்குக் கருத்தடைதான் முதல் மருந்து. கடுவனின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் அதிகம் இருக்கிறது. அது சிதையும்போதுதான் வீடே நாறும் அந்தக் காட்டம் வருகிறது. கருத்தடை செய்த கடுவன்களில் பத்தில் ஒன்பது, பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். ஐந்தாறு மாதத்துக்குள் செய்துவிட்டால் பெரும்பாலும் பழக்கமே தொடங்காது. பெட்டைக்கும் இது பொருந்தும். சூட்டுக்கு வந்த பெட்டையும் பீய்ச்சும். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

6. கருத்தடைக்குப் பிறகும் ஜன்னலோரத்திலும் வாசற்கதவிலும் பீய்ச்சினால், வெளியே பாருங்கள். மதில் மேல் தெருக் கடுவன் ஒன்று உட்கார்ந்திருக்கும். உங்கள் பூனைக்கு அது படையெடுப்பு. தெருப்பூனைக்குச் சோறு வைப்பதை வாசலில் வைக்காமல் தள்ளி வையுங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியைக் காகிதம் ஒட்டி மறையுங்கள். அந்தக் கடுவன் கதவில் விட்டுப்போன வாடையையும் கழுவுங்கள். முடிந்தால் அதையும் பிடித்துக் கருத்தடைக்கு அனுப்புங்கள், தெருவுக்கே நல்லது.

7. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை பெட்டி வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனை அதை ஒரே பெட்டியாகத்தான் கணக்கிடும். கல்யாண வீட்டில் ஒரே கழிப்பறை வாசலில் பெரியப்பா நின்றால் மற்றவர்கள் என்ன பாடு படுவார்களோ, அந்தப் பாடுதான் முரட்டுப் பூனையோடு வாழும் சாதுப் பூனைக்கும். தனித்தனி அறையில் வையுங்கள்.

8. பெட்டி பெரிதாக இருக்கட்டும். மூக்கிலிருந்து வாலின் அடிவரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் கொடுங்கள். கடையில் விற்கும் தட்டுகள் பல, வளர்ந்த பூனைக்குச் சிறியவை. பாத்திரக்கடையில் துணி வைக்க விற்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியே போதும். கிழப்பூனைக்கும் குட்டிக்கும் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். மூடி போட்ட பெட்டி நமக்கு வாடை வராமல் காக்கும். உள்ளே போகும் பூனையின் மூக்கிலேயே அந்த வாடை தங்கும். தகராறு தீரும்வரை மூடியைக் கழற்றி வையுங்கள்.

9. மணலைப் பூனை தேர்ந்தெடுக்கட்டும். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சாம்பல் தட்டால் வீடெல்லாம் கரித்தடம் என்று அலுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு, எட் லோ என்பவர் தன்னிடமிருந்த உலர் களிமண் குருணையைக் கொடுத்தார். இன்றைய பூனை மணல் வியாபாரம் அங்கிருந்து வளர்ந்தது. ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் மணல் பிறகு வந்தது. நம் நாட்டில் அந்தக் களிமண் குஜராத்தின் கச்சுப் பகுதியில் வெட்டப்படுகிறது. பெரும்பாலான பூனைகளுக்குப் பொடியான, வாசனை சேர்க்காத, கட்டியாகும் மணலே பிடிக்கும். லாவெண்டர் மணம் பூனைக்காகச் சேர்த்தது இல்லை. இரண்டு பெட்டியில் இரண்டு வகை போட்டு, எதில் அதிகம் போகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். வகையை மாற்ற வேண்டுமானால் பழையதோடு கலந்து, பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். சின்னக் குட்டி மணலைத் தின்று பார்க்கும். அதற்குக் கட்டியாகாத வகையைப் போடுங்கள். பென்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். ஊதிப்போய் குழாயை அடைத்துவிடும்.

10. இடம் முக்கியம். நம் வீடுகளில் பெட்டியைக் குளியலறையில் தள்ளிவிடுவார்கள். தரை எந்நேரமும் ஈரம். யாராவது குளிக்கப் போனால் கதவு சாத்தியிருக்கும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால், அது சுழலும்போது ஒரு தடவை மிரண்ட பூனை மறுபடி அங்கே வராது. பால்கனியில் உச்சி வெயில் காயும், மழை சாய்ந்தடிக்கும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். தின்னும் இடத்தில் போக அதற்கு மனம் வராது. ஆள் நடமாட்டம் குறைந்த, காய்ந்த, தப்பியோட இரண்டு வழி இருக்கும் மூலையே நல்லது. மாடி வீடானால் தளத்துக்கு ஒன்று.

11. தினமும் அள்ளுங்கள், இரண்டு வேளை அள்ளினால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் கொட்டி, மணமில்லாத சோப்பால் பெட்டியைக் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். அள்ளும்போது கட்டிகளை எண்ணுங்கள்; நல்ல நிலையில் உள்ள பூனை நாளுக்கு இரண்டிலிருந்து நான்கு முறை போகும். கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலும், பட்டாணி அளவில் நிறைய இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் பார்க்கட்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அன்றாடம் அள்ளுவது அதற்கும் காப்பு.

12. பினாயிலைத் தொடாதீர்கள். பூனையின் ஈரலால் ஃபீனால் வகைப் பொருள்களைச் சரியாக முறிக்க முடியாது. தரையில் ஊற்றியது காலில் ஒட்டும், காலை அது நக்கும். கறுப்பும் ஆகாது, பைன் எண்ணெய் கலந்த வெள்ளையும் ஆகாது, டெட்டாலும் அப்படித்தான். அமோனியா கலந்த திரவம் மூத்திர வாடைக்கு மேல் மூத்திர வாடை சேர்ப்பதுபோல. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் கண்ணெரியும் புகை கிளம்பும். ஈரத்தைப் பழைய துணியால் அழுத்தி உறிஞ்சி, குளிர்ந்த நீரால் துடைத்து, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, தானாகக் காயவிடுங்கள். மெத்தைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்க வேண்டும். நமக்கு வாடை போய்விட்டது என்பது கணக்கில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய கறைகள் மின்னும்.

13. பிடித்துப்போன இடத்தைப் பிடிக்காமல் செய்யுங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். துவைத்த துணியைக் குவித்து வைக்காதீர்கள். ரப்பர் அடி வைத்த கால்மிதிகளைக் கொஞ்ச நாள் எடுத்துவிடுங்கள். பூந்தொட்டி மண்ணில் கூழாங்கல் பரப்புங்கள். எப்போதும் ஒரே மூலையில் போனால் அங்கேயே ஒரு பெட்டியை வைத்து, ஒழுங்காகப் போகத் தொடங்கிய பின் தினம் ஒரு சாண் வீதம் வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள்.

14. வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். தீபாவளி வெடிச் சத்தம், வெள்ளையடிப்பு, ஊரிலிருந்து வந்து தங்கிய உறவினர், புதுக் குழந்தை, இரண்டாவது பூனை, வீடு மாறியது. இளம் பூனைகளின் சிறுநீர்ப்பை வீக்கத்தில் பெரும்பகுதிக்குக் கிருமி காரணமாக இருப்பதில்லை. மன அழுத்தத்துக்கு அதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். ஒளிய ஓர் இடம், ஏற உயரமான பரண், பிறாண்டக் கோணி சுற்றிய ஒரு கட்டை, நேரம் தவறாத உணவும் விளையாட்டும் கொடுத்தால் நோய் திரும்புவது குறையும் என்பது அவர் காட்டிய வழி. கூடவே தண்ணீர் உள்ளே போக வேண்டும். உலர் தீவனத்தில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். உப்பில்லாமல் அவித்த மீனை அது வெந்த நீரோடு அவ்வப்போது கொடுங்கள்.

15. அடிக்காதீர்கள், ஈரத்தில் அதன் மூக்கைத் தேய்க்காதீர்கள். பூனை கற்றுக்கொள்வது ஒன்றே: நீங்கள் பார்க்கும்போது போகக் கூடாது. பிறகு கட்டிலுக்கு அடியில் போகும்.

16. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், அளவு எழுதி, ஒன்றை மாற்றி ஒரு வாரம் பாருங்கள். எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும். பழக்கம் முற்றிவிட்ட பூனையைச் சின்ன அறை ஒன்றில் பெட்டி, தண்ணீர், படுக்கையோடு சில நாள் வைத்து, தினமும் கூட உட்கார்ந்து பழக்கி, பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள். எல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் அதே நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் உண்டு, அவர் அளவு சொல்லித் தருவார். ஒரு மாதம் தவறாமல் பெட்டியில் போன பிறகு படுக்கையறைக் கதவைத் திறக்கலாம். கூடுதலாக வைத்த பெட்டியை மட்டும் அப்போதும் எடுத்துவிடாதீர்கள்.