பலர் ஆளும் ஊடகம்

நுழையும் முன்

சமூக ஊடகத்தில் ஒருவர் எழுதிய பதிவு மற்றொருவரைப் புண்படுத்துகிறது. அதனை நீக்க வேண்டும் என்கிறார் புண்பட்டவர். அது தம் கருத்துரிமை என்கிறார் எழுதியவர். இருவருக்கும் இடையே தீர்ப்பு வழங்குபவர் யார்? அவ்வதிகாரம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதற்கும் பலரிடம் பகிர்ந்து கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடத்தின் வழியே அறியலாம்.

முடக்கப்பட்ட கணக்கு

2019 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி ஆட்சிக் கால ஜெர்மனியில் கூட்டத்தினர் அனைவரும் கையை உயர்த்தி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற ஒளிப்படத்தை அவர் தம் கணக்கின் முகப்பில் வைத்திருந்தார். கொடுங்கோன்மைக்குப் பணியாத ஒருவரைக் காட்டும் அப்படத்தையே வெறுப்பைப் பரப்பும் படம் என அந்நிறுவனம் கருதியது. கணக்கு மீட்கப்பட்டபின், வேறொரு பதிவைக் காரணம் காட்டி மீண்டும் முடக்கப்பட்டது. அவர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார்.

இந்நிகழ்வு இந்தியாவில் பலரைச் சிந்திக்க வைத்தது. கோடிக்கணக்கானோர் பேசும் இடத்தில் எது தகும், எது தகாது என்பதை ஒரே நிறுவனம் முடிவு செய்யலாமா என அவர்கள் வினவினர். அவர்களுள் பலர் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ‘மாஸ்டடான்’ என்னும் வேறோர் ஊடகத்திற்குக் குடிபெயர்ந்தனர்.

பல வீடுகள், ஒரே தெரு

மாஸ்டடான் என்பது ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ என்னும் நிரலாளர் 2016 இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். இதனை எவரும் தம் கணினியில் நிறுவி, ஒரு சேவையகத்தை நடத்தலாம். ஒரு பல்கலைக்கழகமோ, நண்பர் குழுவோ, தனி ஒருவரோ அதன் உரிமையாளராக இருக்கலாம். இத்தகைய ஆயிரக்கணக்கான சேவையகங்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன. அதனால் இதனைப் பரவலாக்கப்பட்ட சமூக ஊடகம் என்பர்.

இதன் இயக்கம் மின்னஞ்சலைப் போன்றது. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் முகவரிக்குக் கடிதம் அனுப்புவது எளிது. இருவரும் ஒரே நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டுவதில்லை. அதுபோலவே ஒரு சேவையகத்தில் உள்ளவர் மற்றொரு சேவையகத்தில் உள்ளவரைப் பின்தொடரலாம். அவருக்கு மறுமொழி எழுதலாம். இதற்குத் துணைபுரியும் பொது நெறிமுறை ‘ஆக்டிவிட்டிபப்’ எனப்படும். உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதனை 2018 ஜனவரியில் பரிந்துரைத் தரமாக அறிவித்தது.

அமெரிக்கத் தொழிலதிபர் இலான் மஸ்க் 2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டரை விலைக்கு வாங்கியதும் மீண்டும் பெரும் குடிபெயர்வு நிகழ்ந்தது. ஏறத்தாழ 3 இலட்சமாக இருந்த மாஸ்டடானின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை அடுத்த மாதத்திற்குள் 25 இலட்சத்தை எட்டியது.

மட்டுறுத்துநரின் பணி

உரிமையாளர் ஒருவர் இல்லை என்பதால் விதிகளே இல்லை என்று கருதிவிடலாகாது. ஒவ்வொரு சேவையகமும் தனக்கென விதிகளை வகுத்துக்கொள்கிறது. அவற்றைக் காப்பவர் மட்டுறுத்துநர். பெரும்பாலான சிறு சேவையகங்களில் இவர் ஊதியம் பெறாத தன்னார்வலர். பகலில் தம் தொழிலைப் பார்த்து, இரவில் முறையீடுகளைப் படிப்பவர்.

ஒரு பதிவைப் பற்றி முறையீடு வந்தால் அவர் முன் பல வழிகள் உள்ளன. எழுதியவரை எச்சரிக்கலாம், பதிவை நீக்கலாம், கணக்கையே நிறுத்திவைக்கலாம். ஆயின், எழுதியவர் வேறொரு சேவையகத்தைச் சேர்ந்தவராயின் என் செய்வது? அயல் வீட்டினரைத் தண்டிக்கும் உரிமை இவருக்கு இல்லை. முறையீட்டின் படியை அச்சேவையகத்திற்கு அனுப்பலாம். அக்கணக்கு தம் சேவையகத்தினருக்குத் தெரியாதவாறு தடுக்கலாம். அச்சேவையகத்தின் பொறுப்பாளர் தொடர்ந்து பாராமுகமாக இருப்பின், சேவையகம் முழுவதன் மீதும் இரண்டு நடவடிக்கைகளுள் ஒன்றை எடுக்கலாம்.

முதலாவது, மட்டுப்படுத்தல். அங்கிருந்து வரும் பதிவுகள் பொதுப் பார்வையில் தோன்றா. விரும்பிப் பின்தொடர்வோர்க்கு மட்டுமே தெரியும். இரண்டாவது, துண்டித்தல். இரு சேவையகங்களுக்கும் இடையிலான போக்குவரத்து அடியோடு நின்றுவிடும்.

முதற்கருத்து வேறுபாடு: எவரை விலக்குவது?

2019 ஜூலையில் இம்முறைக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. வெறுப்புப் பேச்சுக்கு இடமளிக்கிறது எனப் பரவலாகக் கண்டிக்கப்பட்ட ‘கேப்’ என்னும் அமெரிக்க ஊடகம், மாஸ்டடான் மென்பொருளைத் தனக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் உரிமத்திலேயே உள்ள விதி. ஆகவே அதனை உருவாக்கியவரும் தடுக்க இயலவில்லை.

தலைமை அலுவலகம் ஒன்று இல்லாததால் ஒவ்வொரு சேவையகமும் தானே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. பல சேவையகங்கள் கேபைத் துண்டித்தன. கைப்பேசிச் செயலிகளை உருவாக்கியோர் சிலர், தம் செயலி வழியே அதற்குள் நுழைய முடியாதவாறு செய்தனர். இங்கேதான் கருத்து வேறுபாடு முளைத்தது. தம் வீட்டுக் கதவைச் சாத்துவது வேறு, பொதுக் கருவியைப் பிறர் பயன்படுத்தாமல் தடுப்பது வேறு என்றனர் ஒரு சாரார். வெறுப்புக்குத் தம் உழைப்பு துணைபோகாமல் காப்பதும் தம் உரிமையே என்றனர் மறுசாரார். இரு தரப்பினரும் கட்டற்ற மென்பொருளை நேசித்தவர்களே. அதன் நோக்கம் எது என்பதில்தான் அவர்கள் மாறுபட்டனர்.

இரண்டாம் கருத்து வேறுபாடு: பெரியவரை வரவேற்பதா?

2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் ‘த்ரெட்ஸ்’ என்னும் ஊடகத்தைத் தொடங்கி, அதனையும் ஆக்டிவிட்டிபப் வழியே இணைக்கப்போவதாக அறிவித்தது. இம்முறை வந்தவர் வெறுப்பாளர் அல்லர், மிகப்பெரிய வணிகர். இணைப்பு வருமுன்பே பல சேவையக நடத்துநர்கள் த்ரெட்ஸைத் துண்டிப்போம் என உறுதி கூறினர்.

அவர்கள் கூறிய காரணங்கள் எளியனவல்ல. கோடிக்கணக்கானோர் ஒருசேர உள்ளே வந்தால், இரண்டு மூன்று தன்னார்வலர்கள் முறையீடுகளை எவ்வாறு கவனிப்பர்? பொது நெறிமுறையைத் தழுவிய பெருநிறுவனம் நாளடைவில் அதனைத் தன் விருப்பப்படி வளைக்காதா? மாற்றுக் கருத்துடையோரும் வலுவான காரணங்களைக் கூறினர். த்ரெட்ஸில் உள்ள உறவினரிடமும் நண்பரிடமும், அந்நிறுவனத்தில் கணக்குத் தொடங்காமலேயே பேச இயலும். பெருநிறுவனமும் திறந்த நெறிமுறைக்கு வந்து சேர்வதே இம்முயற்சியின் வெற்றி. ரோச்கோ இரண்டாம் கருத்தின் பக்கம் நின்றார். எனினும் தம் முடிவைப் பிற சேவையகங்கள் மீது திணிக்க அவரால் இயலாது. இன்றும் சில சேவையகங்கள் த்ரெட்ஸோடு இணைந்துள்ளன; சில துண்டித்துள்ளன.

இடையில் சிக்குபவர்

இரு சேவையகங்கள் பிணங்கும்போது பெரிதும் பாதிக்கப்படுபவர் எத்தவறும் செய்யாத பயனரே. ஒரு சேவையகத்தில் 500 பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் ஐவர் பிறரைத் தொடர்ந்து இழிவுபடுத்துகின்றனர், மட்டுறுத்துநர் கண்டுகொள்ளவில்லை. அண்டைச் சேவையகம் துண்டிக்கிறது. எஞ்சிய 495 பேரும் அங்குள்ள தம் நண்பர்களை அக்கணமே இழக்கின்றனர். அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

மறுபுறத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த ஐவரின் வசைக்கு ஆளானவர் நாள்தோறும் புதிய கணக்குகளிலிருந்து வரும் இழிசொற்களைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அவருக்குத் துண்டித்தல் ஒன்றே நிம்மதி தரும் வழியாக இருக்கலாம். இவ்விருவரின் துயரும் உண்மையானது. ஒன்றைக் காணும் கண் மற்றொன்றைக் காண மறுப்பதே சண்டைகளுக்குக் காரணம்.

பயனர் வேறொரு சேவையகத்திற்குக் குடிபெயரலாம். அவரைப் பின்தொடர்வோரையும் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொள்ளும் வசதி மாஸ்டடானில் உண்டு. ஆனால் பழைய பதிவுகள் உடன் வாரா. பெற்றோரின் பணிமாற்றத்தால் பள்ளி மாறிய மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். சான்றிதழ் கையோடு வரும். பழைய வகுப்பறை வாராது.

நல்ல முறைமையின் அடையாளங்கள்

பிணக்குகள் தோன்றாத சமூகம் இல்லை. அவற்றைத் தீர்க்கும் முறையைக் கொண்டே ஒரு சமூகத்தின் தரத்தை அறியலாம். நன்கு நடத்தப்படும் சேவையகங்களில் நான்கு இயல்புகளைக் காணலாம்.

முதலாவது, விதிகள் முன்கூட்டியே தெளிவாக எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, நடவடிக்கைக்குக் காரணம் கூறப்படும்; துண்டிக்கப்பட்ட சேவையகங்களின் பட்டியலைக் காரணத்துடன் வெளியிடும் வசதி மாஸ்டடானில் உண்டு. மூன்றாவது, மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கும்; 2022 இல் வந்த பதிப்பு முதல், நடவடிக்கைக்கு உள்ளானவர் தம் தரப்பை எடுத்துரைக்க இம்மென்பொருளே வழிசெய்கிறது. நான்காவது, தவறு என அறிந்தால் முடிவை மாற்றிக்கொள்ளும் மனம் இருக்கும்.

மாஸ்டடான் திட்டம் தன் இணையதளத்தில் பரிந்துரைக்கும் சேவையகங்களுக்கு 2019 இல் ஓர் உடன்படிக்கையை வகுத்தது. இனவெறி, பாலினப் பாகுபாடு முதலியவற்றைத் தடுத்தல் வேண்டும். தரவுகளை நாள்தோறும் படியெடுத்துக் காத்தல் வேண்டும். நெருக்கடியில் உதவ இரண்டாமவர் ஒருவர் இருத்தல் வேண்டும். சேவையகத்தை மூடுவதாயின் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு அளித்தல் வேண்டும் என்பன அதன் கூறுகள்.

ஒரே நிறுவனம் ஆளும் ஊடகத்தில் தவறு நேர்ந்தால் அந்நிறுவனத்தைக் குறை கூறலாம். பலர் ஆளும் ஊடகத்தில் அவ்வாறு ஒதுங்கிக்கொள்ள இயலாது. விதியை வகுப்பவரும், முறையீடு எழுதுபவரும், அதனைப் படிப்பவரும் ஒரே சமூகத்தினர். அதிகாரம் அருகில் வரும்போது பொறுப்பும் உடன் வருகிறது.

சொல்லும் பொருளும்

சேவையகம் – பிற கணினிகளுக்குத் தரவுகளை வழங்கும் கணினி
மட்டுறுத்துநர் – பதிவுகள் விதிக்கு உட்பட்டுள்ளனவா எனக் கவனிப்பவர்
நெறிமுறை – கணினிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் ஒழுங்கு
பிணக்கு – கருத்து மாறுபாட்டால் எழும் மனவேறுபாடு
பாராமுகம் – கண்டும் காணாதிருத்தல்
வசை – பழிச்சொல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மாஸ்டடான் மென்பொருளை வெளியிட்டவர் ________.
2. சேவையகங்கள் தம்முள் தொடர்புகொள்ள உதவும் நெறிமுறை ________.
3. இரு சேவையகங்களுக்கு இடையிலான போக்குவரத்தை அடியோடு நிறுத்துவது ________ எனப்படும்.

ஆ. பிரித்து எழுதுக.
1. கருத்துரிமை
2. மின்னஞ்சல்
3. அவ்வதிகாரம்
4. முன்னறிவிப்பு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பரவலாக்கப்பட்ட ஊடகம் மின்னஞ்சலை எவ்வகையில் ஒத்துள்ளது?
2. மட்டுப்படுத்தலுக்கும் துண்டித்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மாஸ்டடானை உருவாக்கியவரால் கேப் ஊடகத்தை ஏன் தடுக்க இயலவில்லை?

ஈ. விரிவாக விடை எழுதுக.
த்ரெட்ஸ் இணைப்பை ஆதரித்தோர், எதிர்த்தோர் ஆகிய இரு தரப்பினரின் காரணங்களையும் தொகுத்து எழுதுக. இரண்டனுள் வலிமையானதாக உங்களுக்குத் தோன்றுவது எது? ஏன்?

உ. கலந்துரையாடுக.
உங்கள் வகுப்பு மாணவர் 40 பேருக்கு ஒரு சேவையகம் இருப்பதாகக் கொள்க. அண்டைப் பள்ளியின் சேவையகத்திலிருந்து இருவர், உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரின் தமிழ் உச்சரிப்பைத் தொடர்ந்து கேலி செய்கின்றனர். உங்களுள் பலருக்கு அப்பள்ளியில் நல்ல நண்பர்கள் உள்ளனர். நீங்கள் முதலில் யாரிடம் பேசுவீர்கள்? எந்நிலையில் துண்டிப்பீர்கள்? குழுவாகக் கூடி முடிவெடுத்து, அதற்கான காரணத்தை ஐந்து தொடர்களில் எழுதுக. கேலிக்கு ஆளான தோழரும் அண்டைப் பள்ளி நண்பரும் படித்து ஏற்கத்தக்கதாக அக்காரணம் அமைதல் வேண்டும்.