இலங்கைக் கடற்படை: திறன் குறைகளும் சவால்களும் – தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

• தொடக்கம் 1950 டிசம்பர் 9, ‘அரச இலங்கைக் கடற்படை’ என்ற பெயரில். நாடு குடியரசான 1972இல் இன்றைய பெயர் வந்தது. பயிற்சிக் கழகம் திருகோணமலையில்.

• பரப்பளவுக் கணக்கை முதலில் மனத்தில் பதியுங்கள். மற்றவை அதிலிருந்தே விளங்கும். நிலம் 65,610 ச.கி.மீ. பிரத்யேகப் பொருளாதார மண்டலம் சுமார் 5,17,000 ச.கி.மீ., ஏறத்தாழ எட்டு மடங்கு. தேடுதல்–மீட்புப் பொறுப்புப் பகுதி அதைவிடப் பல மடங்கு பெரியது. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கிழக்கு–மேற்குக் கப்பல் பாதை; அதே தென்கடலில் பலநாள் மீன்பிடிப் படகுகளில் போதைப்பொருள் கடத்தல்.

• அடிப்படைக் குறை போர்க்காலத்தில் வேர்விட்டது. விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் சிறு படகுகளை எதிர்கொள்ள டோரா போன்ற அதிவேகத் தாக்குதல் படகுகளையே கடற்படை பெருக்கியது. கரையோரச் சண்டைக்கு அவை சரி. ஆழ்கடலில் வாரக்கணக்கில் ரோந்து சுற்ற அவற்றால் ஆகாது. 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களை நடுக்கடலில் மூழ்கடிக்கச் சென்றவை, கைவசமிருந்த மிகச் சில பெரிய கப்பல்கள்தாம்.

• அந்தப் பெரிய கப்பல்களும் பெரும்பாலும் பிற நாடுகள் பயன்படுத்திக் கொடுத்தவை:
– சமுதுர, கஜபாகு, விஜயபாகு: அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலிருந்து. முதல் இரண்டும் 1968இல் பணிக்கு வந்தவை.
– சயுர, சாகர: இந்தியாவிடமிருந்து.
– பராக்கிரமபாகு: சீனாவிடமிருந்து, 2019.
– புதிதாகக் கட்டி வாங்கியவை சயுரால (2017), சிந்துரால (2018). கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை.

மூன்று நாட்டு இயந்திரங்கள் என்றால் மூன்று வகை உதிரிபாகங்கள், மூன்று வகைப் பயிற்சி. கப்பல்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுபவர் இந்தச் சுமையைத் தவறவிடுவார். நீர்மூழ்கி ஒன்றுகூட இல்லை.

• வான்வழிக் கண்காணிப்பு மிகப் பலவீனமான இடம். என் கணிப்பில், இன்னொரு பழைய கப்பலைவிட அவசரத் தேவை இதுதான். 2022 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா டோர்னியர் 228 விமானம் ஒன்றை வழங்கியது. இந்திய நிதியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அமைத்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 2024 ஜூனில் கொழும்பில் திறக்கப்பட்டது. துணை மையம் அம்பாந்தோட்டையில்.

• கப்பல் தீ விபத்துகள்: 2020 செப்டம்பரில் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் ‘நியூ டயமண்ட்’, 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’. இரண்டிலும் இந்தியக் கப்பல்கள் உதவிக்கு வந்தன. இரண்டாவது கப்பல் ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது; அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கி, மீனவர்களின் வாழ்வாதாரத்தை முடக்கின. கரையோரக் குடும்பங்கள் பட்ட துயரத்தை விடையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

• நிதி: 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. டாலர் இல்லையேல் எரிபொருளும் உதிரிபாகமும் இல்லை. செங்கடல் பாதுகாப்பு ரோந்துக்கு ஒரு கப்பலை அனுப்பினால் இரு வாரங்களுக்கு 25 கோடி இலங்கை ரூபாய் செலவாகும் என்று 2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கூறினார்.

• வல்லரசுப் போட்டி: 2022 ஆகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு 2024இல் ஓராண்டுத் தடை.

• பாக் நீரிணை: இங்குள்ள மீன்பிடித் தகராறை இந்திய மீனவர்களின் கைதுச் செய்தியாக மட்டும் நாம் படிக்கிறோம். ஆழ்கடலுக்குப் போக வேண்டிய ஆளும் எரிபொருளும் இங்கே கரைவது கடற்படையின் திறன் சிக்கலும்கூட. 1974, 1976 இந்திய–இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களோடு, இழுவைமடிக்குத் தடை விதித்த இலங்கையின் 2017 சட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.