வளர்ப்புப் பிராணிகள் இல்லாத வீட்டில் தெள்ளு: தீங்கின்றி ஒழிக்கும் முறைகள்

நாயும் பூனையும் வளர்க்கும் வீட்டிலேயே தெள்ளு உண்டாகும் என்பது பலரின் எண்ணம். ஆயினும், பிராணி ஒன்றேனும் வளர்க்காத வீடுகளிலும் தெள்ளு பெருகுவதுண்டு. அறுவடை நெல்லை வீட்டினுள் அடுக்கி வைப்போரும், வயலிலும் தோட்டத்திலும் காவற் கொட்டில் வைத்திருப்போரும் இத்தொல்லைக்குப் பெரிதும் ஆளாகின்றனர். பயிருக்கென வாங்கிய நஞ்சை வீட்டுத் தரையில் தெளிப்பதே இதற்குத் தக்க பரிகாரம் எனக் கருதுவது பேராபத்தை விளைவிக்கும். தெள்ளின் வாழ்க்கை முறையை அறிந்து செயற்பட்டால், பெரும்பாலும் நஞ்சின்றியே அதனை ஒழித்துவிடலாம்.

தெள்ளு எங்கிருந்து வருகின்றது?

தெள்ளைக் கொண்டுவரும் பிராணிகளுள் முதன்மையானது எலி. நெல் மூடைகளின் இடுக்கிலும் கூரையிலும் எலி கூடு கட்டுமிடத்து, எலித்தெள்ளும் அங்கே முட்டையிடுகின்றது. அதன் புழு தானியத் தூசியையும் உண்டு வளரக்கூடியது. இரவிலே திண்ணையில் வந்து படுக்கும் கட்டாக்காலி நாய், விறகுக் குவியலிற் குட்டி ஈனும் பூனை, முகட்டில் தங்கும் மரநாய் ஆகியனவும் தெள்ளு முட்டைகளை உதிர்த்துச் செல்லும். முன்னர் குடியிருந்தோர் பிராணி வளர்த்திருப்பின், அவர்கள் சென்ற பின்னரும் தெள்ளு எஞ்சியிருக்கும்.

தெள்ளின் வாழ்க்கை வட்டம்

வளர்ந்த தெள்ளு ஏறத்தாழ 2 தொடக்கம் 3 மில்லிமீற்றர் நீளமுடையது; செங்கபில நிறமானது; சிறகற்றது; பக்கவாட்டில் தட்டையானது. நாய், பூனைகளிற் காணப்படும் தெள்ளின் பெண் ஒன்று நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டை வரை இடவல்லது. முட்டைகள் பிராணியின் உடலில் ஒட்டியிராது தரையில் உதிர்ந்துவிடும். சில நாட்களில் அவற்றிலிருந்து வெளிவரும் புழு, வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்புகளிலும் பாயின் கீழும் மூடைகளின் அடியிலும் ஒளிந்து வாழும். வளர்ந்த தெள்ளு கழிக்கும் உலர்ந்த இரத்தமே அதன் முக்கிய உணவு. வறட்சியை அப்புழு தாங்காது.

பின்னர் அது கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகின்றது. கூட்டின் மேல் மணலும் தூசியும் ஒட்டிக்கொள்வதால் அதனைக் கண்டறிதல் அரிது. மருந்துகளும் அதனுள் எளிதிற் புகமாட்டா. தக்க சூழலில் முட்டை தெள்ளாவதற்கு மூன்று கிழமைகளே போதும். எனினும், அண்மையில் உயிரினம் எதுவும் இல்லையாயின், கூட்டினுள் இருக்கும் தெள்ளு சில மாதங்கள் வரை காத்திருக்கும். காலடியின் அதிர்வு, உடலின் வெப்பம், மூச்சுக் காற்று ஆகியவற்றை உணர்ந்ததும் அது வெளியே பாயும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடனும், காலபோகத் தொடக்கத்திற் காவற் கொட்டிலுக்குட் புகுந்தவுடனும் தெள்ளு கூட்டமாய்க் காலில் ஏறுவதன் காரணம் இதுவே. ஆகவே, வீட்டைச் சில நாட்கள் பூட்டி வைப்பதாற் பயனில்லை.

தெள்ளுதானா என அறிதல்

தெள்ளுக் கடி பெரும்பாலும் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் காணப்படும். மூட்டைப்பூச்சியோ கட்டிலின் பொருத்துகளில் ஒளிந்திருந்து, உறங்குவோரின் திறந்த உடற்பாகங்களைக் கடிக்கும். ஐயமிருப்பின், முழங்கால் வரை வெள்ளைக் காலுறை அணிந்து அறைக்குள் மெதுவாக நடத்தல் வேண்டும். தெள்ளு இருப்பின் வெள்ளைத் துணியில் கரும்புள்ளியாய்த் தோன்றும். இரவில் ஓர் அகன்ற தட்டிலே சவர்க்கார நீர் ஊற்றி, அதன் மேலாகச் சிறு மின்விளக்கைத் தொங்கவிட்டால், ஒளியை நாடிப் பாயும் தெள்ளுகள் நீரில் விழுந்து மாளும். எந்த அறையில் தொல்லை மிகுதி என்பதையும் இதனால் அறியலாம்.

ஒழிக்கும் முறைகள்

1. மூடைகளையும் பெட்டிகளையும் அகற்றி, மூலைகள், கட்டிலின் அடி, கதவிடுக்கு ஆகிய இடங்களை நன்கு பெருக்குதல் வேண்டும். கூட்டிய தூசியை முற்றத்தில் வீசலாகாது. அதனை எரித்தல் அல்லது கொதிநீரில் இடுதல் வேண்டும்.

2. சீமெந்துத் தரையைச் சவர்க்காரமிட்ட வெந்நீராற் கழுவி, கதவு யன்னல்களைத் திறந்து நன்கு உலரவிடுதல் வேண்டும். மண் தரையாயின், மேலிருக்கும் பொடிமண்ணைச் சுரண்டி அகற்றி, வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து, மெழுகி, உலரவிடுதல் நன்று.

3. படுக்கை விரிப்புகளையும் துணிகளையும் வெந்நீரில் தோய்த்தல் வேண்டும். பாய், தலையணை, வெறுஞ் சாக்கு ஆகியவற்றை உதறிக் கடும் வெயிலிற் காயவிடுதல் வேண்டும்.

4. நெல் மூடைகளைப் பலகைகளின் மேல் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு முழமேனும் விலக்கி அடுக்குதல் வேண்டும். அப்பொழுதே அடியிலும் பின்புறத்திலும் பெருக்க இயலும்.

5. இவ்வேலையை ஒரு நாளோடு நிறுத்தலாகாது. கூட்டுப்புழுக்கள் எஞ்சியிருக்குமாதலால், நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் வரை நாள்தோறும் பெருக்குதல் வேண்டும். முதல் துப்புரவின் பின்னரும் சில தெள்ளுகள் தோன்றுவது இயல்பே. அதனை முயற்சியின் தோல்வி எனக் கொள்ளலாகாது.

எலிகளை ஒழிக்கும் ஒழுங்கு

எலி இறந்து உடல் குளிர்ந்ததும், அதிலிருந்த தெள்ளுகள் புது உடலைத் தேடி மனிதரிடம் வரும். ஆகையால், தரையைத் துப்புரவு செய்யாது எலி நஞ்சு வைத்தல் தொல்லையை மிகுவிக்கும். துப்புரவு தொடங்கிய பின்னர் பொறி வைத்துப் பிடித்தலே நன்று. அகப்பட்ட எலியைப் பொறியோடு சவர்க்கார நீரில் அமிழ்த்தினால், தெள்ளும் உடன் மாளும். இறந்த எலியை வெறுங் கையால் தொடாது ஆழப் புதைத்தல் வேண்டும். எலிகள் குறைந்த பின்னர் அவை புகும் துளைகளை அடைத்தல் வேண்டும்.

தெள்ளினால் வரும் நோய்

1914ஆம் ஆண்டிற் கொழும்பிலே தோன்றிய பிளேக்கு எனும் கொள்ளைநோய் எலித்தெள்ளினாற் பரவியது. இன்று அந்நோய் இலங்கையில் இல்லை. ஆயினும், எலித்தெள்ளினால் வரும் ஒருவகைத் தைபசுக் காய்ச்சல் இங்கு காணப்படுகின்றது. கடித்த இடத்தைச் சொறியும்பொழுது தெள்ளின் கழிவு புண்ணினுட் புகுவதால் அது தொற்றும். காய்ச்சலும் கடுந் தலைவலியும் உடலிற் செந்தடிப்பும் கண்டால், தெள்ளுக் கடியைக் குறிப்பிட்டு வைத்தியரை நாடுதல் வேண்டும். உரிய காலத்தில் மருந்து பெற்றால் அது குணமாகும்.

பயிர் மருந்து வீட்டினுட் புகலாகாது

நெல்லுக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் விசிறும் மருந்துகள் திறந்த வெளிக்கென ஆக்கப்பட்டவை. வெயிலும் மழையும் காற்றும் வயலில் அவற்றைச் சிதைக்கின்றன. மூடிய அறையிலோ அவை நெடுநாள் தங்கியிருக்கும். அத்தரையிலேயே குழந்தை தவழ்கின்றது. தாய் பாய் விரித்து உறங்குகின்றாள். உண்ணும் நெல்லும் அங்கேயே இருக்கின்றது. இத்தனைக்கும் பின்னர், கூட்டினுள் இருக்கும் தெள்ளு அம்மருந்துக்குத் தப்பி மீண்டும் வெளிவரும். மண்ணெண்ணெய் தெளித்தலும் தீ விபத்துக்கு இடமளிக்கும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பீடைநாசினிகள் பதிவு செய்யப்படுதல் வேண்டும். துப்புரவினால் மட்டும் தெள்ளு அடங்காவிடின், வீட்டு உபயோகத்துக்கெனப் பதிவு பெற்றதும் தெள்ளுக்கு உரியதெனச் சுட்டுத்துண்டிற் கூறப்பட்டதுமான மருந்தையே வாங்குதல் வேண்டும். கூறிய அளவை மீறலாகாது. தெளிக்குமுன் உணவு, நீர், நெல் ஆகியவற்றை அப்புறப்படுத்துதல் வேண்டும். தரை உலர்ந்து, அறை காற்றோட்டம் பெறும் வரை குழந்தைகளை உள்ளே விடலாகாது. வயலில் உபயோகித்த தெளிகருவியை இதற்கு எடுக்கவே கூடாது.

மருந்து பட்டவருக்கு மிகு வியர்வை, வாயூறல், வாந்தி, கண்மணி சுருங்கல், மூச்சுத் திணறல் என்பன தோன்றினால், உடனே அவரை வெளியே கொண்டுவந்து, நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். வலிந்து வாந்தியெடுக்கச் செய்யலாகாது. 1990 எனும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியைப் பெற்று, மருந்துப் போத்தலையும் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

இத்தொல்லை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தமது பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும், நெற் களஞ்சியத்தில் எலிகளைக் கட்டுப்படுத்தும் முறைகளை அறிய விரும்புவோர் விவசாயப் போதனாசிரியரையும் அணுகுவாராக. விளக்குமாறு, வெந்நீர், வெயில் ஆகிய மூன்றும் எல்லார் வீட்டிலும் உள்ளன. அவற்றை ஆறு கிழமைகள் இடைவிடாது பயன்படுத்தும் கமக்காரரின் இல்லத்தில் தெள்ளும் ஒழியும். குழந்தைகளும் நஞ்சின் தீங்கின்றி வாழ்வர்.