குளியலறைச் சுவரும் ஜிப்சம் பலகையும்

மட்டாஞ்சேரியில் 1555-ஆம் ஆண்டளவில் எழுந்த அரண்மனையின் சுவரோவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை. சுண்ணாம்பு, கரியமிலவாயுவை ஏற்றுக் கல்லாக இறுகுவது. பின் நீரில் அரிதாகவே கரையும். இந்நாளில் உட்சுவருக்குப் பயன்படும் ஜிப்சம் பலகையின் இயல்பு வேறு. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 2 கிராம் ஜிப்சம் கரைந்துவிடும். பலகைமேல் ஒட்டிய காகிதமும் ஊறிப் பூஞ்சை பற்றும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அவ்வூரில் ஈரம் எளிதில் உலர்வதில்லை.

ஆகவே குளியல் தொட்டியையும் ஷவரையும் சூழ்ந்த பகுதிக்குச் சிமெண்டுப் பலகையே ஏற்றது. அதன்மேல் நீர்புகாப் பூச்சிட்டுப் பீங்கான் ஓடு பதித்தல் வேண்டும். தொட்டி விளிம்பிற்கும் ஓட்டிற்கும் இடையே சிறு இடைவெளி விடுக. நீர் நிரம்பியதும் தொட்டி சற்றே தாழுமாதலால், அங்கே சிமெண்டு இட்டால் விரிசல் காணும். கசிவு வெளியே தெரியுமுன் உட்புறம் கெட்டுவிடும். தொட்டியில் நீர் நிரப்பி வைத்துக்கொண்டே அவ்விடைவெளியைச் சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். பசை இறுகிய பின்னரே நீரை வடிக்கலாம். பெரும்பாலும் விட்டுப்போவது இதுவே.