ஏரிக்கரைப் பள்ளியில் வீடியோ பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் 'எடுசாட்' என்னும் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. கல்விக்கென்றே நம் நாடு செலுத்திய முதல் செயற்கைக்கோள் அது. எடை 1,950 கிலோ. ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்குத் தொலைதூரத்து ஊரன்று. பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கும் நீண்ட தீவு அது. அங்கே கலம் கிளம்பும் நாட்களில் எங்கள் குப்பத்தார் கடலுக்குப் போகக்கூடாதென்று அறிவிப்பு வரும். அன்று வலையைக் கரையில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பதுதான் வேலை. எடுசாட் 2010 வரை உழைத்து ஓய்ந்துவிட்டது. அது புறப்பட்டபோது நான் பிறக்கவில்லை. ஆயினும் ஏரிக்கரைப் பள்ளியில் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பாடத்தை வானத்துக்கு அனுப்பக் கற்றுக்கொண்டோம். அது வகுப்பறையில் வந்து இறங்கிய பிறகு அங்கே என்ன நடக்கவேண்டும்?

தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்துவது நமக்குப் புதிதன்று. தில்லிப் பள்ளிகளில் 1961லேயே தொடங்கிவிட்டது. ஆனால் உலகமே திரும்பிப் பார்த்த முயற்சி, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த 'சைட்' என்னும் சோதனையே. அமெரிக்க 'நாசா' நிறுவனத்தின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு இஸ்ரோ நிகழ்ச்சிகளை அனுப்பியது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டே மூன்று மீட்டர் அகலக் கிண்ண ஆண்டெனாக்களைச் செய்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் பெருமையும் ஒருங்கே வந்தன. காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா என நான்கு மொழிகள். மொழி ஒன்றுக்கு இருபத்திரண்டரை நிமிடம்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நின்றது வேறொரு செய்தி. அவ்வாண்டு அக்டோபரில் ஏறத்தாழ 24,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, அவரவர் வட்டாரத்திலேயே பன்னிரண்டு நாள் அறிவியல் பயிற்சி தரப்பட்டது. மறு ஆண்டும் அவ்வாறே. தொலைக்காட்சி அதில் ஒரு பங்குதான். வானொலியும் அச்சிட்ட குறிப்புகளும் உண்டு. கையில் கிடைக்கும் பொருள்களால் சோதனை செய்து பார்ப்பதும் உண்டு. ஐயம் கேட்பதற்கு மையந்தோறும் ஓர் ஆசானும் இருந்தார். பெட்டியை மட்டும் நம்பவில்லை என்பதே அதன் சிறப்பு. மெக்சிகோ நாட்டில் 1968இல் தொடங்கிய 'டெலிசெகுந்தாரியா' என்னும் தொலைக்காட்சிப் பள்ளிகளும் இவ்வாறே வகுப்பறையில் ஓர் ஆசிரியரை நிறுத்தி வைத்துத்தான் சிற்றூர்களுக்குச் சென்றன.

1984இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி மாணவர்க்கென நிகழ்ச்சிகளைத் தூர்தர்ஷனில் தொடங்கியதைப் பேராசிரியர்கள் என்னினும் நன்கறிவர். ஆதலால் நம் காலத்துக்கு வருகிறேன். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா ஊரடங்கு. அப்போது நான் பத்தாம் வகுப்பு. வீட்டில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி, பிள்ளைகள் மூவர், மூவருக்கும் வெவ்வேறு நேரத்தில் பாடம். மின்சாரம் போய்த் திரும்புவதற்குள் முக்கோணவியல் முடிந்துவிடும். பாடங்கள் நன்றாகவே இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். அவை இல்லாவிடில் அவ்வாண்டு எங்களுக்குப் பாடமே இல்லை. கருவாடு உலர்த்திவிட்டு உள்ளே வந்த என் அம்மா ஒருநாள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "புரியலன்னு நீ சொன்னா அந்த சாருக்குக் கேக்குமாடா?" என்றார்கள். என் அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். கல்வித் தொழில்நுட்பத்தின் தலையாய வினாவை அவர்கள் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார்கள்.

இதற்கு விடையாக ஒரு வகுப்பை எடுத்துக்காட்டுவேன். பதினோராம் வகுப்பில் எங்களுக்கு விலங்கியல் நடத்திய ஆசிரியர் உள்நாட்டுக்காரர். ஏரியைப் பற்றி அதிகம் அறியாதவர். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டைத் தம் செல்போனில் தட்டி, இறாலின் வளர்ச்சிப் பருவங்கள் பற்றிய ஒன்பது நிமிட வீடியோவைத் திரையில் போட்டார். இறாலை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் தாய் இறால் கடலில் இலட்சக்கணக்கில் முட்டையிடுவதையும், ஒரு நாளைக்குள் அவை பொரிந்து நாப்ளியஸ், ஜோயியா, மைசிஸ் என்று உருமாறி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு இறாலாவதையும் எங்கள் ஊரில் யார் கண்டார்? கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கியும், வாரக்கணக்கில் நடப்பதை நிமிடங்களில் சுருக்கியும் காட்டும் ஆற்றல் வீடியோவுக்கே உண்டு. கரும்பலகை இங்கே தோற்றுப்போகும்.

குஞ்சு இறால் திரையில் வந்ததும் ஆசிரியர் படத்தை நிறுத்தினார். "இதை யாராவது நேரில் பார்த்திருக்கீங்களா?" என்றார். கடைசி பெஞ்சில், வாய் திறந்தே அறியாத ஒரு நண்பன் எழுந்தான். "முகத்துவாரத்துல ஏத்தம் வர்றப்ப வரும் சார். கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றான். "ஏத்தம்னா என்ன தம்பி?" என்று ஆசிரியர் கேட்டார். அவன் சொல்லச் சொல்ல, 'ஏற்றம் - உயர் ஓதம், வற்றம் - தாழ் ஓதம்' என்று அவர் பலகையில் எழுதினார். அந்த ஒன்பது நிமிடம் இரண்டு பாடவேளை நடந்தது. கடலில் பிறந்த குஞ்சு ஏற்றத்தோடு ஏரிக்குள் நுழைந்து, சில மாதம் வளர்ந்து, இனம் பெருக்க மீண்டும் கடலுக்கே போகிறதென்றால், மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அங்கேதான் எழுந்தது. முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோரி எங்கள் பெரியவர்கள் ஏன் மனு மேல் மனு கொடுக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. விடையைத் திரை சொல்லவில்லை. திரையை நிறுத்தியதால் அது கிடைத்தது.

ஆகவே ஆசிரியர் பயிற்சிக்கான வீடியோ, எப்போது நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது என்பதையே முதலில் காட்டவேண்டும் என்பது என் கருத்து. 2017இல் 'தீக்ஷா' தளம் வந்தது. 2019இல் தொடங்கிய 'நிஷ்தா' ஆசிரியர் பயிற்சி 2020இல் அத்தளத்துக்கு மாறியது. ஊரை விட்டு நகர முடியாத ஆசிரியருக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் விரிவுரையை ஓடவிட்டுவிட்டு மறுபக்கம் விடைத்தாள் திருத்தினாலும் அது ஓடி முடிந்துவிடும். அம்மாவின் கேள்வி இங்கும் பொருந்தும்.

வேறு வழியும் உண்டு. பி.எட். படிப்போர் அறிந்த நுண்ணிலைக் கற்பித்தல், 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. ஐந்து பத்து நிமிடம், சில மாணவர், ஒரே ஒரு திறன். நடத்திய பாடத்தைப் படமாகப் பார்த்து, திருத்தி, மறுபடி நடத்துவது. 1995இல் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகள் 231ஐப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். ஜப்பானில் மாணவர் முதலில் தாமே கணக்கோடு போராடுவதும், ஆசிரியர் பிறகே விளக்குவதும் அப்படங்களில் தெரிந்தன. தன் வகுப்பைத் தானே பார்ப்பதைப் போன்ற கண்ணாடி வேறில்லை. அன்று அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. இன்று ஒரு செல்போன் போதும்.

எங்கள் ஏரியைப் பற்றி எங்கள் பள்ளிகளுக்கு ஏற்ற படம் ஏதும் என் கண்ணில் படவில்லை. சூழ்நிலை மண்டலம் என்றால் தாமரைக் குளமே வருகிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரியைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நாங்கள் தாமரையின் பாகம் குறித்தோம்! ஆதலால் நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து நிமிடப் படம் ஒன்றை நாமே எடுப்போம். முதலில் ஆரணி ஆறு ஏரியில் கலக்கும் இடம், பிறகு முகத்துவாரம். இரண்டிடத்திலும் ஒவ்வொரு தம்ளர் நீர் எடுத்துத் தட்டில் ஊற்றி வெயிலில் வைப்பதைக் காட்டி, அங்கே படத்தை நிறுத்தச் சொல்வோம். மிஞ்சும் உப்பைப் பிள்ளைகள் தாங்களே நிறுத்துப் பார்க்கட்டும். 200 மில்லி கடல்நீரில் ஏறத்தாழ 7 கிராம் உப்பு கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்தால் வேறுபாடு தெரியும். கோடையில் ஏரிநீர் கடலைவிட உப்பேறுவதும் உண்டு. கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்களையும் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். எந்தச் சேற்றில் எப்போது இறால் இருக்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

அன்று கடைசி பெஞ்சிலிருந்து எழுந்த நண்பன் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது படகில் போகிறான். படத்துக்குப் படகு தருவதாகவும், முகத்துவாரத்தில் தானே பேசுவதாகவும் சொல்லியிருக்கிறான். டீசல் செலவு நம்முடையது.

இரண்டாவது படம் கணிதத்துக்கு. இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் எங்கள் ஏரியில் உண்டு. எல்லா ஊருக்கும் அதில் பங்கில்லை; அந்த வழக்கைப் பிள்ளைகள் வகுப்பிலேயே பேசிக்கொள்ளட்டும். மூன்று பாடு, பன்னிரண்டு வலை, ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் ஒரு வலை என்றால் ஒருவருக்கு மறுமுறை வர எத்தனை நாள், அதே பாடு திரும்பக் கிடைக்க எத்தனை நாள் என்று தொடங்கலாம். கணிதத்துறை நண்பர்கள் மேற்கொண்டு கணக்குகளை எழுதித் தரவேண்டும்.