வளர்ற பிள்ளைக்கு எந்தச் சக்கரம்?



இந்தப் பாடம் மலைச் சைக்கிளைப் பற்றியது. சைக்கிள் ஓட்டாதவர்களும் படிக்கலாம். வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், என்றாவது ஒருநாள் இது உங்களுக்கு உதவும். முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்குப் பன்னிரண்டு வயதில் முதல் மலைச் சைக்கிள் கிடைத்தது. பெரியப்பா மகன் ஓட்டிய சைக்கிள். 29 அங்குலச் சக்கரம், பெரியவர்களுக்கான எம் அளவு பிரேம். தங்கையின் உயரம் அப்போது 141 செ.மீ. "ரொம்ப பெருசா இருக்கேப்பா" என்றாள். "வளர்ற பிள்ள லா நீ, ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்றார் அப்பா. பள்ளிச் சீருடையை ரெண்டு சைஸ் பெருசா எடுத்து, கீழே மடிச்சுத் தைச்சுப் போடுற வீடு எங்க வீடு. அதனால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சீட்டைக் கடைசி வரைக்கும் இறக்கி, "இப்ப ஏறு" என்று சொன்னது நான்தான்.

மூன்றாவது வாரம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைத் தோட்டத்து மண்பாதை. ஓர் இறக்கத்தில் குறுக்கே மரவேர். பிரேக்கைப் பிடிக்க அவள் விரல் சரியாக எட்டவில்லை. காலை ஊன்றப் பார்த்தாள், தரை எட்டவில்லை. இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்த பிறகும் அவள் சைக்கிளைத் தொடவில்லை. கேட்டதற்கு, "எனக்கு பேலன்ஸ் வராதுண்ணா. நான் குட்டைல்ல" என்றாள். கை முறிந்ததைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. தப்பு சைக்கிள் அளவில் இருந்தது. அவளோ அதைத் தன் உடம்பில் இருப்பதாக எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் நான் இதையெல்லாம் ஒழுங்காகப் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

சக்கர அளவு எங்கிருந்து வந்தது?

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பாய்ஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976இல் அங்கே 'ரீபேக்' என்ற இறக்கப் போட்டி தொடங்கியது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றோர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். அவர்கள் ஓட்டிய பழைய சைக்கிள்களில் தடித்த டயர் போட்ட 26 அங்குலச் சக்கரம் இருந்தது. அதனாலேயே மலைச் சைக்கிள் என்றால் 26 என்று ஆகிப்போனது. யாரும் மனித உடம்பை அளந்து பார்த்து அந்த எண்ணை முடிவு செய்யவில்லை. கையில் கிடைத்த டயர் அது, அவ்வளவுதான்.

1990களின் கடைசியில் 29 அங்குலத்துக்கான தடித்த டயர் வந்தது. பிறகு இரண்டுக்கும் இடையில் 27.5 பரவியது. இன்று கடைகளில் பெரியவர்களுக்கு 29, 27.5 இரண்டும், பிள்ளைகளுக்கு 20, 24, 26 அங்குலமும் கிடைக்கின்றன.

எண்களைச் சரியாகப் படிப்போம்

இந்த அங்குல எண்கள் வெறும் பெயர்கள். உண்மையான அளவு டயரின் பக்கச் சுவரில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் அது. 24 அங்குல மலைச் சைக்கிளுக்கு 507, 26க்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622.

இப்போது கழித்துப் பாருங்கள். 26க்கும் 27.5க்கும் வித்தியாசம் 25 மி.மீ. 27.5க்கும் 29க்கும் 38 மி.மீ. பெயரைப் பார்த்தால் 27.5 சரியாக நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது 26க்குப் பக்கத்து வீடு. "27.5 கிட்டத்தட்ட 29 மாதிரிதான், எடுத்துக்கோ" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெரிய சக்கரம் என்ன தரும், என்ன எடுக்கும்?

பெரிய சக்கரம் வேர், கல், குழி மேல் சுலபமாக உருளும் என்பார்கள். அது உண்மை. ஆனால் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. உயரமுள்ள ஒரு மரக்கட்டை பாதையில் கிடக்கிறது. சாதாரண மலை டயர் போட்ட 29 சக்கரம் அதை ஏறக்குறைய 43 பாகைக் கோணத்தில் முட்டும். 27.5 என்றால் 44, 26 என்றால் 45, 24 என்றால் 48 பாகை. கோணம் குறையக் குறைய ஏறுவது சுலபம். பெரிய சக்கரத்துக்கு நன்மை இருக்கிறது, ஆனால் 29க்கும் 26க்கும் நடுவில் இருப்பது இரண்டு பாகைதான். மரவேரும் மழைச் சேறும் நிறைந்த புக்கிட் கியாரா பாதையிலும், சிங்கப்பூரின் புலாவ் உபினிலும் அந்த இரண்டு பாகை உதவும். ஆனால் பிரேக்கை எட்டிப் பிடிக்க முடியாத கைக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது.

இனி, பெரிய சக்கரம் எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

சக்கரம் உயர்ந்தால் ஹேண்டலும் உயரும். உயரம் குறைந்தவருக்கு ஹேண்டல் நெஞ்சுப் பக்கம் வந்துவிடும். ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகித் தூக்கும், வளைவில் பிடி குறையும்.

செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, சீட்டுக்குப் பின்னால் போக வேண்டும். கால் நீளமானவருக்கு இடம் இருக்கும். கால் குட்டையானவருக்குப் பின்டயர் முதுகுக்குக் கீழே உரசும்.

சின்ன பிரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால், மெதுவாகத் திரும்பும்போது கால்விரல் முன்டயரில் இடிக்கும்.

கடைசியாக எடை. 14 கிலோ சைக்கிள் 75 கிலோ ஆளுக்கு அவர் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 35 கிலோ பிள்ளைக்கு அதே சைக்கிள் நாற்பது சதவீதம்! அப்பா தன் எடையில் நாற்பது சதவீதமுள்ள சைக்கிளை மலையில் ஏற்றிப் பார்க்கட்டும். அப்புறம் பிள்ளையை "சோம்பேறி" என்று சொல்ல வாய் வராது.

முதலில் உடம்பை அளக்கணும்

சக்கரத்தைக் கேட்பதற்கு முன் பிரேமைக் கேளுங்கள். பிரேமைக் கேட்பதற்கு முன் உடம்பை அளந்துகொள்ளுங்கள். தேவையானது ஒரு சுவர், ஒரு தடித்த புத்தகம், ஓர் அளவு நாடா.

ஒன்று: ஓட்டும்போது போடும் காலணியுடன் சுவரை ஒட்டி நில்லுங்கள். புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே, சீட்டில் உட்காருவதுபோல் மேலே அழுத்தி வையுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளவெடுங்கள். இதுதான் உங்கள் உட்கால் அளவு.

இரண்டு: சைக்கிளின் மேல்குழாயை, நீங்கள் கால் விரித்து நிற்கும் இடத்தில் தரையிலிருந்து அளவெடுங்கள். அது உட்கால் அளவைவிடக் குறைந்தது 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். என் தங்கையின் உட்கால் 64 செ.மீ. அந்தச் சைக்கிளின் மேல்குழாய் 75 செ.மீ. சீட்டை எவ்வளவு இறக்கினாலும் குழாய் இறங்காதே! இதை அன்றே அளந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

மூன்று: சீட்டில் உட்கார்ந்து ஹேண்டலைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் பிரேம் நீளம்.

நான்கு: ஒரு விரலால் பிரேக் பிடிபடுகிறதா? பெரும்பாலான பிரேக்கில் பிடியைக் கிட்டே கொண்டுவர ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் திருப்பியும் எட்டவில்லையென்றால் அந்தச் சைக்கிள் வேண்டாம்.

ஐந்து: பெடல் பூட்டியிருக்கும் கிராங்கைப் பாருங்கள். பெரியவர் சைக்கிளில் 170, 175 மி.மீ. இருக்கும். பிள்ளைகளுக்கு, உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு. 140 செ.மீ. பிள்ளைக்கு 140 மி.மீ. பக்கம். நீளமான கிராங்க் என்றால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கும்.

இந்த ஐந்திலும் தேறிய சைக்கிள்களுக்கு நடுவில் மட்டும் சக்கர அளவைத் தேர்ந்தெடுங்கள்.

உயரத்துக்கு ஒரு வழிகாட்டி

115 முதல் 130 செ.மீ. வரை: 20 அங்குலம்.
130 முதல் 145 வரை: 24 அங்குலம்.
145 முதல் 155 வரை: 26, அல்லது மிகச் சிறிய பிரேமில் 27.5.
155 முதல் 165 வரை: 27.5. சின்ன பிரேம் நன்றாகப் பொருந்தினால் 29.
165க்கு மேல்: எது பிடிக்கிறதோ அது.

இது தொடக்கப் புள்ளிதான். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். புத்தகமும் அளவு நாடாவும் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

வளரும் பிள்ளை என்றால்?

"வளர்ற பிள்ள" என்ற வாதம் முழுக்கத் தப்பில்லை. பணம் மரத்தில் காய்க்கவில்லையே. ஆனால் இன்று பாதுகாப்பாக ஓட்ட முடிகிற அளவுக்குள், வளர இடம் உள்ளதைத் தேடணும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் பிள்ளை நின்றால், ஐந்து சோதனையிலும் தேறினால் மட்டும் பெரியதை எடுங்கள்.

பருவ வயதில் பொதுவாகக் கால் முதலில் நீளும், உடம்பு பிறகுதான். அதனால் சீட்டு உயரம் சீக்கிரம் ஏறும், ஹேண்டல் தூரம் மெதுவாகத்தான் கூடும். நல்ல செய்தி என்னவென்றால், சரியான அளவு சைக்கிளைக் கொஞ்ச காலம் நீட்டிக்க முடியும். சீட்டுத் தண்டை அதிலுள்ள எல்லைக்கோடு வரை உயர்த்தலாம். ஹேண்டலைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் கொஞ்சம் நீளமாக மாற்றலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அளந்து பாருங்கள்.

பெரிய சைக்கிளைச் சுருக்க அப்படி வழி கிடையாது. "29 பிரேமில் 27.5 சக்கரத்தைப் போட்டால் போச்சு" என்பார்கள். டிஸ்க் பிரேக் சைக்கிளில் மாட்டலாம்தான். ஆனால் சைக்கிள் முழுவதும் 2 செ.மீ. அளவுக்குத் தாழும், பெடல் கல்லிலும் வேரிலும் இடிக்கும்.

வளர்ந்து முடித்தவர், ஆனால் உயரம் குறைவு

இங்கே கணக்கு வேறு. உடம்பு இனி மாறாது, அதனால் நீங்கள் ஓட்டும் பாதையைப் பார்த்து முடிவெடுக்கலாம். சுவிட்சர்லாந்து வீரர் நினோ ஷூர்ட்டர் உயரம் 173 செ.மீ. 2012இல் மற்றவர்கள் 29க்குப் போனபோது அவர் 27.5 ஓட்டி லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அவரை வென்ற செக் நாட்டு வீரர் குல்ஹாவி நல்ல உயரம், அவர் ஓட்டியது 29. பிரேம் வடிவங்கள் மாறிய பிறகு ஷூர்ட்டரும் 29க்கு மாறினார். ஏறக்குறைய 170 செ.மீ. உயரமுள்ள பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் 29இல்தான் தோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆகவே "குட்டையானவருக்கு 29 ஆகாது" என்பதும் சட்டம் கிடையாது.

நடுவழியும் ஒன்று உண்டு: முன்னால் 29, பின்னால் 27.5. முன்சக்கரம் நன்றாக உருளும், பின்னால் உடம்புக்கு இடம் கிடைக்கும். 2019இலிருந்து போட்டிகளிலும் இதற்கு அனுமதி உண்டு.

நம் நாட்டு அசிசுல்ஹஸ்னி அவாங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓட்டுவது மைதானத் தடத்தில், மலையில் இல்லை. உயரம் குறைவு என்பதாலேயே 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்று பெயர். 2017இல் கெய்ரின் உலக வெற்றியாளர். அவர் உடம்புக்கு ஏற்ற சைக்கிளில் அவர் ஏறினார்.

பழைய சைக்கிள் வாங்கும்போது

நம்மில் பலர் செகண்ட் ஹேண்ட்தான் வாங்குவோம், அதில் வெட்கம் இல்லை. டயரில் உள்ள மில்லிமீட்டர் எண்ணைக் கட்டாயம் படியுங்கள். 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் 406, 451 என்று இரண்டு அளவு உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. முன்ஃபோர்க் பிள்ளையின் எடைக்கு அமுங்குகிறதா என்று அழுத்திப் பாருங்கள். அமுங்காத ஃபோர்க் வெறும் சுமை. முக்கியமாக, ஓட்டப்போகிறவரைக் கூடவே கூட்டிப் போங்கள். "சர்ப்ரைஸ்" வேண்டாம்.

தங்கை என்ன ஆனாள்?

ஒன்றரை வருடம் கழித்து, பழைய 26 அங்குலச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அப்போது அவள் உயரம் 147 செ.மீ. புத்தகம் வைத்து அளந்துவிட்டுத்தான் வாங்கினேன். முதல்நாள் ஏறி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று, "அண்ணா, கால் எட்டுது!" என்றாள். சொன்னது அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே தோட்டத்துப் பாதை. அந்த வேருக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்ப மேலே போய், ஏறி, ஓட்டிக் கடந்தாள்.

சிந்திக்க, செய்ய

1. உங்கள் உட்கால் அளவு எவ்வளவு? இன்றே அளந்து, தேதியுடன் எழுதி வையுங்கள்.
2. வீட்டில் இருக்கும் சைக்கிள் ஐந்து சோதனையில் எத்தனையில் தேறுகிறது?
3. "எனக்கு இது வராது" என்று நீங்கள் கைவிட்ட ஏதாவது உண்டா? அங்கே குறை உங்களிடமா, கையில் கொடுத்த கருவியின் அளவிலா?
4. உங்கள் தம்பியோ தங்கையோ அப்படிச் சொன்னால், முதலில் எதை அளப்பீர்கள்?